கானா பயணம்: தடுப்பூசி முதல் திரும்பும் விமானம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

டேமா துறைமுக நகரில் வேலை பார்த்த வருடங்களில் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று ஏழெட்டுக் கூட்டத்துக்குக் கானாவைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். மலிவாக ஒரு விமான டிக்கெட் கண்ணில் பட்டவுடன் வாங்கிவிடுவார்கள். மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பார்கள். கானாவுக்கு டிக்கெட் வாங்குவது நான்காவது வேலை. அதற்கு முன் மூன்று வேலை முடிந்திருக்க வேண்டும்.

கீழே இருப்பது 13 நாள் பயணத்துக்கான வரிசை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். விலைகளைப் போடவில்லை, கானாவின் பணமான செடியின் மதிப்பு ஏறி இறங்குகிற வேகத்தில், இன்று எழுதினால் நாளை பொய்யாகிவிடும்.

1. முதலில் நாட்காட்டி

இரண்டு விஷயங்களைப் பார்த்துத் தேதியை முடிவு செய்யுங்கள். ஒன்று மழை, மற்றொன்று குமாசி நகரில் நடக்கும் அக்வாசிடே என்ற அரசவை நாள்.

தெற்குக் கானாவில் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பெரிய மழை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை சின்ன மழை. வடக்கே ஒரே பருவம்தான். மே முதல் அக்டோபர் வரை. மோலே தேசியப் பூங்காவில் யானை பார்க்க வேண்டும் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. காட்டுக்குள் தண்ணீர் வற்றி, யானைகள் தாமாகவே குளத்தைத் தேடி வரும் காலம் அது. மழைக்காலத்தில் எங்கும் தண்ணீர், எங்கும் உயரப் புல். யானை பத்தடியில் நின்றாலும் தெரியாது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சஹாராவிலிருந்து ஹார்மட்டான் காற்று வீசும். வானம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும், உதடு வெடிக்கும், புகைப்படமெல்லாம் மங்கல். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் வெளிநாடு போன கானாக்காரர்கள் எல்லாம் ஊர் திரும்புவதால் தலைநகர் அக்ராவில் விடுதி விலை ஏறிவிடும். அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அக்வாசிடே என்பது 42 நாளுக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வரும் நாள். அன்று குமாசியின் மன்ஹியா அரண்மனையில் அசந்தே இன மக்களின் மன்னர், அதாவது அசந்தேஹெனே, குடைகளுக்கும் மேளத்துக்கும் நடுவே சபை கூட்டி அமர்வார். ஒவ்வொரு ஆண்டின் தேதிகளும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த ஞாயிற்றைப் பயணத்தின் நடுவில் ஆணியடித்து வைத்துவிட்டு முன்னும் பின்னும் எண்ணினால் வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் தாமாக விழும். டிக்கெட்டை முதலில் வாங்கினவர்கள் ஆறு நாள் தள்ளி அக்வாசிடே இருப்பதைக் குமாசியில் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

2. மஞ்சள் அட்டை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதற்கப்புறம் ஆயுள் முழுக்க. அரசு அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அப்படி ஒரு மையம். எந்தக் கிழமை போடுகிறார்கள், முன்பதிவு உண்டா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

இதை விசாவுக்கு முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். "உங்களுக்குப் போடக்கூடாது" என்று அங்கே சொல்லிவிட்டால், டிக்கெட் வாங்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று இருக்கும். இதே வகையில் வேறு ஊசி ஏதும் போட வேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும். இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும்.

அட்டையை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, கையெழுத்து, முத்திரை. என்னுடன் வந்த ஒருவரின் அட்டையில் பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. விமான நிலையத்தில் அரைமணி நேரம் வியர்த்து நின்றார்.

3. விசா, அதற்குப் பிறகு டிக்கெட்

இந்தியர்களுக்கு விசா வேண்டும். புது டில்லியில் கானா தூதரகம் இருக்கிறது. அங்கே தங்குமிடப் பதிவோ அழைப்புக் கடிதமோ கேட்பார்கள், பயண விவரமும் கேட்பார்கள். இங்கேதான் குழப்பம்: விசாவுக்கு டிக்கெட் விவரம் வேண்டும், விசா இல்லாமல் டிக்கெட் வாங்குவதோ ஆபத்து. தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் முன்பதிவைக் காட்டுங்கள். அது கிடைக்காவிட்டால், ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டாகப் பாருங்கள். கையில் விசா வந்த பிறகு காசு கட்டுங்கள்.

பக்கத்து நாடான டோகோவின் தலைநகர் லோமே, கானா எல்லையை ஒட்டியே இருக்கிறது. அஃப்லாவோவில் எல்லையைக் கடந்தால் ஊருக்குள் நிற்பீர்கள். "அவ்வளவு பக்கம்தானே, ஒரு நாள் போய்விட்டு வந்துவிடலாம்" என்று தோன்றும். ஒருமுறை நுழைவு விசா வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டினால் அதே விசாவில் திரும்ப உள்ளே வர முடியாது. அந்த எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பலமுறை நுழைவு விசா கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து பெரும்பாலும் அடிஸ் அபாபா வழியாகவோ துபாய் வழியாகவோ போவார்கள். கானா நேரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

பணத்தில் தொடங்குவோம். இந்திய ரூபாயை அங்கே யாரும் சீண்ட மாட்டார்கள். கசங்காத, கிழியாத, புதிய 100 டாலர் நோட்டுகளாக எடுத்துப் போங்கள். சின்ன நோட்டுக்கும் பழைய நோட்டுக்கும் குறைந்த விகிதம்தான் கொடுப்பார்கள். ஏடிஎம்மில் விசா (Visa) நிறுவன அட்டை மற்றவற்றைவிட அதிக இடங்களில் வேலை செய்யும்.

மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "நம்ம ஊர்க் கொசுவைப் பார்க்காததா" என்று சொன்னவர்களில் இரண்டு பேரை நானே மருத்துவமனையில் சேர்த்திருக்கிறேன். ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இருப்பது உயிரைக் குடிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து ஆரம்பிக்கும் நாள் மாறும். சிலவற்றைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன் தொடங்கினால் போதும். மெஃப்ளோக்குயினை இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் மருத்துவரிடம் ஓடுவதில் பயனில்லை.

சுவரில் இருப்பது பிரிட்டன் மாதிரி மூன்று சதுரக்கால் பிளக். பவர் பேங்க் கட்டாயம். மின்வெட்டுக்கு அங்கே தும்சோர் என்று பெயர். அணை, ஏற்று என்று பொருள்.

ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட பேன்ட், தொப்பி, பை எதையும் எடுத்துப் போகாதீர்கள். சாதாரண மக்கள் அதை அணிவது அங்கே சட்டப்படி குற்றம். மலையேற்றத்துக்கென்று வாங்கிய பேன்ட் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய காலணி ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், மோலேயில் வேண்டும்.

5. வழித்தடம்: வட்டமாகப் போங்கள்

புதிதாக வருபவர்கள் அக்ராவில் அறை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே எல்லா இடத்துக்கும் போய்த் திரும்பப் பார்க்கிறார்கள். வரைபடத்தில் கடற்கரை ஊரான கேப் கோஸ்ட் 150 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அக்ராவை விட்டு வெளியேறும் கசோவா சாலையில் ஒருநாள் மாட்டிப் பாருங்கள். ஒரே நாளில் காகும் காட்டுப் பாலம், இரண்டு கோட்டை என்று போய்த் திரும்பினவர்கள் ஆறேழு மணி நேரம் வண்டியில் தூங்கியதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

என் வரிசை இது. செவ்வாய் வந்து இறங்குங்கள். புதன் அக்ரா. வியாழன் கேப் கோஸ்ட். வெள்ளி காலை காகும், மாலை எல்மினா. சனி நேராகக் குமாசிக்கு. அக்ராவுக்குத் திரும்பத் தேவையில்லை. ஞாயிறு அக்வாசிடே. திங்கள் சந்தையும் நெசவும். செவ்வாய் வடக்கே இருக்கும் டமாலே நகருக்குப் பேருந்து. புதன், வியாழன் இரவுகள் மோலேயில். வெள்ளி டமாலே திரும்பி, சனி விமானத்தில் அக்ரா. ஞாயிறு இரவு நாடு திரும்பும் விமானம்.

சனிக்கும் ஞாயிறு இரவுக்கும் நடுவே உள்ள அந்த வெற்று நாளைத் தின்றுவிடாதீர்கள். ஹார்மட்டான் தூசி அடர்ந்தால் டமாலே விமானம் தாமதமாகும், சில நாள் ரத்தே ஆகும். பன்னாட்டு விமானத்தை அதே நாளில் வைத்த ஒரு தம்பதி டமாலேயிலிருந்து இரவோடு இரவாகக் காரில் 600 கிலோமீட்டர் ஓடினார்கள். கானாவில் இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் போகாதீர்கள் என்பது நான் எல்லாருக்கும் சொல்லும் முதல் அறிவுரை. விளக்கில்லாமல் நடுரோட்டில் பழுதாகி நிற்கும் லாரிகள்தான் காரணம்.

வடகிழக்கில் பாவ்கு பக்கம் நெடுநாளாக மோதல் இருக்கிறது. பாகாவின் முதலைக் குளம் அழகுதான், ஆனால் புர்கினா ஃபாசோ எல்லையை ஒட்டிய ஊர். இந்தப் பயணத்தில் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

6. இறங்கிய அன்றும் மறுநாளும்

விமான நிலையத்தில் முதலில் மஞ்சள் அட்டை, பிறகு குடிநுழைவு, அங்கே கைரேகை. வெளியே வருவதற்கு முன் பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் கார்டு வாங்கிவிடுங்கள். அந்த எண்ணிலேயே மொபைல் மணி கணக்கும் திறந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. நம் ஊரில் ஜிபே மாதிரி அங்கே மோமோ. தெருவோரக் கடைக்காரம்மாகூட அதில் வாங்கிக்கொள்வார். டாலரில் கொஞ்சத்தை மட்டும் அங்கே மாற்றுங்கள், மீதியை ஊருக்குள்.

செயலி டாக்ஸிகள் அக்ராவில் நன்றாகவே ஓடுகின்றன. பதிவு செய்ததும் ஓட்டுநர் போன் செய்து எங்கே போகிறீர்கள், ரொக்கமா என்று கேட்பார். பயப்பட வேண்டாம், அது வழக்கம். விலாசம் சொன்னால் யாருக்கும் புரியாது. பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்க், சர்ச், வங்கி எதையாவது சொல்லுங்கள்.

மறுநாள் நாட்டின் முதல் அதிபர் நக்ரூமாவின் நினைவுப் பூங்கா, அங்கிருந்து ஜேம்ஸ்டவுன் கலங்கரை விளக்கம், மகோலா சந்தை. இதற்கு மேல் அன்று எதையும் வைக்காதீர்கள். நேர மாற்றத்தில் மாலை ஐந்து மணிக்கே கண் சொருகும்.

7. ட்ரோட்ரோவும் டிராப்பிங்கும்

ட்ரோட்ரோ என்பது ஷேர் வேன். நிரம்பினால்தான் கிளம்பும், கால அட்டவணை கிடையாது. கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கத்துகிறவருக்கு மேட் என்று பெயர். "சர்க், சர்க், சர்க்" என்று கத்தினால் அக்ராவின் நக்ரூமா சர்க்கிள் சந்திப்புக்குப் போகிறது. கத்தல் கேட்காத தூரத்தில் கை பேசும். விரலை வட்டமாகச் சுழற்றினாலும் அதே சர்க்கிள்தான். இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது "மேட், பஸ் ஸ்டாப்!" என்று குரல் கொடுங்கள். மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த ஊரில்தான் இறங்குவீர்கள்.

காசு பின்னிருக்கையிலிருந்து கைமாறி முன்னே போகும், சில்லறை அதே வழியில் திரும்பி வரும். பெரிய நோட்டை நீட்டாதீர்கள். மேட்டின் முகம் மாறிவிடும்.

டாக்ஸியில் கவனிக்க வேண்டிய சொல் டிராப்பிங். காலியாக வரும் டாக்ஸியை நிறுத்தி ஒன்றும் சொல்லாமல் ஏறினால், முழு வண்டியையும் உங்களுக்காகப் பேசியதாகக் கணக்கு, அதுதான் டிராப்பிங். ஷேர் வேண்டுமென்றால் ஏறுவதற்கு முன்பே "ஷேர்ட்" என்று சொல்லுங்கள். இறங்கும்போது சண்டை போட்டுப் பயனில்லை, ஊர் வழக்கம் அவர் பக்கம்.

சிலர், குறிப்பாகச் சந்தையில் வயதானவர்கள், இன்னும் பழைய கணக்கில் விலை சொல்வார்கள். 2007-ல் செடியில் நான்கு பூஜ்யத்தை வெட்டினார்கள். "இருபதாயிரம்" என்று கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது இரண்டு செடி.

ஊர்விட்டு ஊர் போக எஸ்டிசி, விஐபி என்ற நிறுவனங்களின் பேருந்துகள் இருக்கின்றன. அங்கே சனிக்கிழமை சாவுச் சடங்கு நாள். கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம் வெள்ளி மாலையிலும் சனி காலையிலும் பேருந்து நிலையங்களை நிறைத்திருக்கும், அதுவும் குமாசிப் பக்கம் போகிறவை என்றால் கேட்கவே வேண்டாம். நம் வரிசையில் சனிக்கிழமைதான் குமாசிப் பயணம். அதனால் வியாழன் கேப் கோஸ்டில் இறங்கியவுடன் அந்தச் சீட்டை வாங்கிவிட்டுத்தான் விடுதிக்குப் போக வேண்டும். பேருந்தில் ஏசி குளிர் எலும்பைத் துளைக்கும். ஒரு துண்டாவது கைப்பையில் இருக்கட்டும்.

8. கேப் கோஸ்ட், எல்மினா, காகும்

இரண்டு ஊரிலும் அடிமை வணிகம் நடந்த கோட்டைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். நேரம் போதும், மனசுதான் தாங்காது. கேப் கோஸ்ட் கோட்டையில் ஆண்களை அடைத்த நிலவறைக்குள் வழிகாட்டி உங்களை நிறுத்தி விளக்கை அணைப்பார். மேலே சின்னத் துவாரம் வழியாக வரும் வெளிச்சம் மட்டும். காலடித் தரை மேடு பள்ளமாக இருக்கும்; அங்கே அடைபட்டவர்களின் கழிவும் இரத்தமும் வியர்வையும் அடுக்கடுக்காக இறுகிப்போன தரை அது என்பார். அதற்கு நேர் மேலே கட்டியிருந்தது ஒரு வழிபாட்டுக்கூடம். இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து உடனே இன்னொரு கோட்டைக்குச் சீட்டு வாங்கினவர்கள், இரண்டாவதில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன். அவர்கள்மேல் தப்பில்லை.

வழிகாட்டி இல்லாமல் சுற்றாதீர்கள். சுவரில் எழுதியிருப்பது குறைவு, அவர் சொல்வதுதான் எல்லாம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம், அதில் பேரம் கிடையாது. அடிமைகளைக் கப்பலேற்ற வெளியே கொண்டுபோன "திரும்பா வாசல்" அருகே சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்க வேண்டாம். முன்னோரைத் தேடி அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் அதே இடத்தில் அழுதுகொண்டு நிற்பார்கள்.

கோட்டை வாசலில் ஓர் இளைஞர் அன்பாகப் பெயர் கேட்பார், எந்த நாடு என்று கேட்பார். நீங்கள் உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வரும்போது உங்கள் பெயர் எழுதிய சிப்பியோடு நிற்பார். "நட்புக்காக" என்பார். வாங்கினால் அடுத்த நிமிடம் காற்பந்து அணிக்கு நன்கொடைத் தாள் வரும், அதில் ஏற்கெனவே பலர் பெரிய தொகை எழுதியிருப்பார்கள். பெயர் சொல்லும் இடத்திலேயே சிரித்து நகர்ந்துவிடுங்கள். கோபம் வேண்டாம்.

எல்மினாவில் கோட்டையைப் போலவே பக்கத்து மீன் துறையும் பார்க்க வேண்டியது. வண்ணம் தீட்டிய நீளப் படகுகள் கொடிகளோடு இடுக்கிக்கொண்டு உள்ளே வரும். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள். இந்தக் கரையில் செவ்வாய் கடலுக்கு ஓய்வு நாள், யாரும் மீன் பிடிக்க மாட்டார்கள். வலை பின்னுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அன்று போகலாம்.

காகும் தேசியப் பூங்கா கேப் கோஸ்டுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். மரத்துக்கு மரம் கட்டிய ஏழு தொங்கு பாலங்கள், மொத்தம் 350 மீட்டர் நீளம், சில இடத்தில் தரையிலிருந்து 40 மீட்டர் உயரம். திறந்தவுடன் முதல் குழுவில் நுழைந்துவிடுங்கள். பத்து மணிக்குமேல் பள்ளிக்கூடப் பேருந்துகள் வரும். பிள்ளைகளின் கூச்சலில் பாலமே ஆடும். விலங்குகளை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். காட்டு யானை அங்கே உண்டு, ஆனால் கண்ணில் படாது. நீங்கள் போவது காட்டின் உச்சியை மேலிருந்து பார்க்க. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்க்காமல் நேரே பார்த்து நடந்தால் பயம் குறையும்.

கடலில் குளிக்கும் ஆசை வந்தால் உள்ளூர்க்காரர் குளிக்கும் இடத்தில் மட்டும். இந்தக் கடற்கரை முழுக்க இழுவை நீரோட்டம் அதிகம்.

9. குமாசி

அக்வாசிடே அன்று முற்பகலிலேயே மன்ஹியா வளாகத்துக்குப் போய் நிழலாக ஓர் இடம் பிடியுங்கள். நிகழ்ச்சி அறிவித்த நேரத்துக்குத் தொடங்காது. முன்னால் போக வழிகாட்டுகிறேன் என்று காசு கேட்பவர்கள் வருவார்கள்; காவலரிடம் கேட்டாலே எதுவரை நிற்கலாம் என்று சொல்லிவிடுவார். மன்னரின் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்காரக்கூடாது. தலையில் தொப்பி வேண்டாம்.

கெஜெட்டியா சந்தையை மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று என்பார்கள். உள்ளே வழி தவறாதவர் யாருமில்லை. நுழையும் இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே வர அதைக் காட்டிக் கேட்கலாம். கென்டே துணி வேண்டுமென்றால் இங்கே வாங்காமல் பொன்விரே கிராமத்துக்குப் போங்கள். அச்சடித்த துணியையும் நெய்த துணியையும் பிரித்தறியச் சுலப வழி: துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்ததில் வண்ணம் இரு பக்கமும் இருக்கும். தவிர, கென்டேவை நான்கு விரல் அகலப் பட்டைகளாக நெய்து பிறகு சேர்த்துத் தைப்பார்கள். அந்தத் தையலைக் கையால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும்.

10. மோலே

டமாலேயிலிருந்து டமோங்கோ வழியாக லாரபங்கா, அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே பூங்கா. விடுதி ஒரு மேட்டின் விளிம்பில் இருக்கிறது, கீழே இரண்டு நீர்நிலைகள். அறையை முன்பே பதிவு செய்துவிட்டுப் போங்கள். இடமில்லை என்றால் பக்கத்தில் வேறு வசதி குறைவு.

துப்பாக்கி ஏந்திய வனக்காவலருடன் நடந்தே யானையைப் பார்க்கலாம் என்பதுதான் மோலேயின் சிறப்பு. காலை ஒன்று, மாலை ஒன்று என இரு நடைகள். மூடிய காலணி இல்லையென்றால் அழைத்துப் போக மாட்டார்கள். இரண்டு இரவு தங்கச் சொல்வது இதனால்தான்: ஒரே ஒரு நடையை நம்பிப் போய் யானை காணாமல் திரும்பினவர்கள் நிறைய. மூன்று நடை போனால் பெரும்பாலும் பார்த்துவிடலாம். காவலர் கை காட்டினால் நில்லுங்கள்; காற்றின் திசையைப் பார்த்துத்தான் அவர் வழி எடுக்கிறார்.

அறைக் கதவைத் திறந்து போடாதீர்கள். பபூன் குரங்குகள் உள்ளே வந்து பையின் ஜிப்பைத் திறக்கும். என் அத்தை ஊரிலிருந்து சுமந்து வந்த முறுக்குப் பொட்டலம் ஒரு பபூனின் கையில் மரமேறிப் போனதைக் குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

லாரபங்காவில் மண்ணும் மரக்கழியும் கொண்டு கட்டிய பழைய மசூதி இருக்கிறது. இஸ்லாமியர் அல்லாதவர்கள் வெளியே நின்றுதான் பார்க்க முடியும். வண்டி நின்றவுடன் நான்கைந்து பேர் வழிகாட்டி என்று சூழ்வார்கள். ஒருவரிடம் மட்டும் தொகை பேசி முடித்துவிட்டு இறங்குங்கள்.

11. சாப்பாடு

கேழ்வரகுக் களியை உருட்டி விழுங்கத் தெரிந்தவருக்கு ஃபுஃபு கஷ்டமே இல்லை. மரவள்ளியும் வாழைக்காயும் இடித்த உருண்டை. மெல்லாமல் குழம்போடு விழுங்க வேண்டும், வலது கையால். நாம் கையால் சாப்பிடுவதைப் பார்த்ததும் பரிமாறுகிறவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள்.

சைவக்காரர்களுக்குத்தான் சிரமம். அங்கே "இறைச்சி வேண்டாம்" என்றால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் முட்டை வரும். மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். ஷிட்டோ என்ற கறுப்புக் காரச் சட்னியைப் பார்த்து ஊறுகாய் என்று தொட்டுவிடாதீர்கள், அதில் கருவாடும் இறாலும் உண்டு. வாச்சே என்பது காராமணி போட்டு வேகவைத்த சிவந்த சாதம். ஷிட்டோவும் முட்டையும் இல்லாமல் கேட்டு வாங்கலாம். ரெட் ரெட் என்பது காராமணிக் குழம்பும் வறுத்த பழுத்த வாழையும். அதிலும் மீன் போட்டிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாலையில் தெருமுனையில் இஞ்சியும் மிளகாயும் புரட்டிப் பொரிக்கும் கெலெவெலே வாழைத்துண்டுகள் போதும், இரவு ஓடிவிடும்.

12. பேச்சு, கை, கேமரா

வழி கேட்பதானாலும் விலை கேட்பதானாலும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். "குட் மார்னிங்" சொல்லாமல் "எவ்வளவு" என்று தொடங்கினால் மரியாதை தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள், விலையும் அதற்கேற்ப. நன்றிக்கு "மெடாசே". இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. இது நமக்குப் பழக்கம்தான், ஆனால் டாக்ஸி ஜன்னல் வழியாகக் காசு நீட்டும்போது தவறிவிடுகிறோம்.

கடைக்காரர் "ஐம் கமிங்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். புதிதாக வந்தவர்கள் குழம்பி நிற்பார்கள். நாம் கிளம்பும்போது "வரேன்" என்று சொல்வதில்லையா, அதேதான். காத்திருங்கள், வருவார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் "யூ ஆர் இன்வைட்டட்" என்றால் "சாப்பிடலாம் வாங்க" என்ற உபசாரம்; நன்றி சொல்லி நகர்ந்தால் போதும்.

ராணுவக் கட்டடம், விமான நிலையம், அக்ராவில் அதிபரின் ஜூபிலி ஹவுஸ் பக்கம் கேமராவைத் தூக்க வேண்டாம். மனிதர்களை எடுக்கும் முன் கேளுங்கள்.

13. திரும்பும்போது

மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் இறங்கும்போது அங்கேயும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மீந்த செடியை அக்ராவிலேயே டாலராக மாற்றிவிடுங்கள். வெளியே அதற்கு மதிப்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் மலேரியா மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்யும் கடைசித் தப்பு. அட்டோவக்வோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் 7 நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால், சளிக் காய்ச்சல்தான் என்று உங்களுக்கே தோன்றினாலும், மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகக் கானா போய் வந்தேன் என்று சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.